ஜீரோவுக்கு என்ன நிறம்?

1942 ஏப்ரல் 9ஆம் தேதி காலை ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசின. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக ஜீரோ சண்டை விமானங்கள் பறந்தன. அவற்றை மறிக்கச் சீனன்குடாத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் மேலேறின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

இந்த மோதலை மேசைமேல் நிறுத்திப் பார்க்க ஆசைப்படும் ஒரு மாடலருக்கு இரண்டு பிளாஸ்டிக் கிட்கள் போதும். 12 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட ஜீரோ, 1/72 அளவில் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறையும். ஹரிக்கேனும் ஏறத்தாழ அதே அளவுதான். பாகங்களை வெட்டி, உரசி, ஒட்டி முடிப்பது பொறுமை இருப்பவர்களுக்குப் பெரிய வேலையல்ல. ஒட்டி முடித்த பிறகுதான் கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். என்ன நிறம்? எவ்வளவு பளபளப்பு? எங்கே பூச்சு தேய்ந்திருக்கும்? புகைக்கறை கறுப்பா, சாம்பலா?

வெயில், உப்புக்காற்று, எண்ணெய், துப்பாக்கிப் புகை, ஏறி இறங்கிய மனிதக் கால்கள் ஆகியவை ஒரு விமானத்தின்மேல் விட்டுச்செல்லும் அடையாளங்களைத் தூரிகையாலும் ஏர்பிரஷ்ஷாலும் உண்டாக்குவதை மாடலர்கள் வெதரிங் என்கிறார்கள். கடைசியில் சேர்க்கும் ஒப்பனைபோல அது தோன்றும். ஆனால் ஒரு கறை வைப்பது ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்வதற்குச் சமம். வால் சுக்கானில் வெள்ளி நிறத்தில் ஒரு கீறல் வரைந்தால், அந்தச் சுக்கான் அலுமினியத் தகட்டால் ஆனது என்று சொன்னதாகிவிடும். ஹரிக்கேனைப் பொறுத்தவரை அது தவறான செய்தி.

ஹரிக்கேனின் மூக்குப்பகுதியும் விமானியறையை ஒட்டிய பகுதியும் உலோகத் தகடுகள். விமானியறைக்குப் பின்னாலோ மரச் சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டி, டோப் எனும் இறுக்கும் பூச்சு பூசிய லினன் துணி. வாலும் துணிதான். தொடக்க காலத்தில் இறக்கைகள்கூடத் துணியால் ஆனவை. பிறகே உலோகத்துக்கு மாறின. துணியின்மேல் பூசிய வண்ணம் வெளிறும், எண்ணெய் குடித்துக் கறுக்கும், ஒட்டுப்போட்ட இடத்தில் புது நிறம் காட்டும். சுரண்டினாலும் அங்கே வெள்ளி தெரியாது. ஒரே விமானத்தில் முன்பாதிக்கு ஒரு முதுமை, பின்பாதிக்கு இன்னொரு முதுமை. எங்கும் ஒரே சீராக வெள்ளிப் புள்ளிகள் தூவிய ஹரிக்கேன் மாடல் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், அதைச் செய்தவர் விமானத்தைப் படிக்கவில்லை, வேறொரு மாடலைப் பார்த்துச் செய்திருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். துருவும் அப்படித்தான். அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, அரித்தால் வெளுத்த மாவுபோல் பூக்கும். செம்பழுப்புத் துருவுக்கு ஒரு சண்டை விமானத்தில் இடமுண்டென்றால், அது சூடேறிய எஃகுப் புகைக்குழாய் போன்ற சில இடங்களில் மட்டுமே.

ஜீரோவின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே அடிப்படை நிறமே பல பத்தாண்டு வழக்கு.

நெடுங்காலம் கிட் பெட்டிகளின் வண்ணக் குறிப்புகள் தொடக்ககால ஜீரோவை வெளிர்ச் சாம்பலில் தீட்டச் சொன்னன. திரைப்படமும் அதையே மனத்தில் பதித்தது. 1970இல் வெளியான 'டோரா! டோரா! டோரா!' படத்தில் ஜீரோவாக நடித்தவை உருமாற்றப்பட்ட அமெரிக்கப் பயிற்சி விமானங்கள். வெளிறிய பூச்சில் மின்னிய அவற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஜீரோ என்றால் கிட்டத்தட்ட வெள்ளைதான். இதற்கு எதிரான சான்றுகள் ஹவாய்த் தீவுகளிலேயே கிடந்தன. 1941 டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர் தாக்குதலில் வீழ்த்தப்பட்ட ஜீரோக்களில் அகாகி கப்பலின் ஒன்று காமேஹாமேஹா கோட்டையில் விழுந்தது; ஹிர்யூ கப்பலின் ஒன்று நீஹாவு தீவில் இறங்கி நொறுங்கியது. படைவீரர்கள் அத்தகைய சிதைவுகளிலிருந்து நினைவுக்காக வெட்டியெடுத்த தகட்டுத் துண்டுகள் தனியார் சேகரிப்புகளில் தங்கின. பிற்கால ஆய்வாளர்கள் அவற்றைத் தேடியெடுத்து, மேற்பரப்பின் வெளுத்த படலத்தை நீக்கிப் பார்த்தபோது தெரிந்தது வெண்சாம்பல் அல்ல. மஞ்சளும் பழுப்பும் பச்சையும் கலந்த, பளபளப்பான ஒலிவச் சாம்பல்.

இதோடு ஒத்துப்போகும் எழுத்துச் சான்றும் உண்டு. யொகொசுக்காவில் இருந்த ஜப்பானியக் கடற்படையின் விமானத் தொழில்நுட்ப நிறுவனம் 1942 பிப்ரவரியில் எழுதிய ஓர் அறிக்கை, ஜீரோவின் அப்போதைய பூச்சை ஜே3 என்ற சாம்பல் வகையோடு சேர்த்து, சற்றே பாகு நிறம் தோய்ந்த பளபளப்பான பூச்சு என்று விவரிக்கிறது. வழக்கு அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. பிசின் கலந்த பூச்சுகள் வயதாகும்போது மஞ்சளிக்கும். எண்பதாண்டுப் பழைய துண்டில் தெரியும் பழுப்பில் எவ்வளவு தொழிற்சாலையுடையது, எவ்வளவு காலத்துடையது என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதை வைத்து வெண்சாம்பலுக்கு மறுபடி உயிர்கொடுக்க முடியாது. அதிகபட்சம், பழுப்பின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

வெண்சாம்பல் கதை எங்கிருந்து வந்தது என்பதற்கும் பூச்சின் வேதியியலே விடை தருகிறது. வெயிலில் அந்தப் பூச்சின் மேற்படலம் சிதைந்து வெண்பொடியாகப் பூத்தது. பழைய சுண்ணாம்புச் சுவரைத் தடவினால் விரலில் மாவு ஒட்டுமே, அதே சங்கதி. பசிபிக் தீவுகளில் மாதக்கணக்கில் திறந்தவெளியில் நின்ற ஜீரோவைத் தொலைவிலிருந்து பார்த்தவர் கண்ணுக்கு அது சாம்பல்வெள்ளையாகவே தெரிந்திருக்கும். கப்பலுக்குள் அடுக்குகளில் வைத்துத் துடைத்துப் பராமரித்த ஜீரோவோ மினுங்கும் ஒலிவச் சாம்பலாக இருந்திருக்கும். இரண்டு சாட்சியும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த விமானத்தின் வயதுதான் வேறு. அடிநிறம் எது என்ற கேள்வியையும் வெதரிங் எவ்வளவு என்ற கேள்வியையும் பிரித்து வைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஆகையால் திருகோணமலைக்கு வந்த ஜீரோவுக்குத் திரும்புவோம். இந்துமாக்கடலுக்கு வந்த அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாகு, சூய்காகு ஆகிய ஐந்து தாங்கிக் கப்பல்களும் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் பங்கேற்றவையே. நான்கு மாதத்துக்கு மேலான போர்ப் பணியும் உப்புக்காற்றும் அவற்றின் விமானங்கள்மேல் ஏறியிருந்தன. ஆனாலும் அவை உலகின் மிகத் தேர்ந்த கடற்படைத் தொழில்நுட்பப் பணியாளர்களின் கையில் இருந்தவை. மினுக்கம் சற்று மங்கலாம். என்ஜின் உறைக்குப் பின்னால் எண்ணெயும் புகையும் வழிந்திருக்கலாம். இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் காலணி உரசியிருக்கலாம். ஜீரோ விமானி இடப்புறம் ஏறுபவர். உடற்பகுதியில் மடங்கும் படிகளும் பிடிகளும் அந்தப் பக்கமே. இறக்கைமேல் கால்வைக்கக் கூடாத பகுதியைச் சிவப்புக் கோடிட்டு, மிதிக்காதே என்று ஜப்பானிய எழுத்தில் குறித்திருப்பார்கள். தேய்மானம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழும் என்பதை அனுமானிக்க வேண்டியதே இல்லை. வலப்புற இறக்கையிலும் அதே இடத்தை அதே அளவு தேய்த்து வைத்த மாடல்களைக் காட்சிகளில் நிறையப் பார்க்கலாம்; சமச்சீர்மேல் கைக்கு இருக்கும் பிரியம் அது. விமானிகளுக்கு அந்தப் பிரியம் இருந்ததில்லை.

ஜப்பானிய விமானம் என்றதும் தகடு தகடாகப் பூச்சு உரிந்த தோற்றம் மாடலர்களின் கண்முன் வரும். இந்தப் பொதுப்படம் ஒரு உண்மையிலிருந்து பிறந்து, பொருந்தாத இடங்களுக்கெல்லாம் பரவியது. ஜப்பானியத் தரைப்படையின் கி-61 போன்ற விமானங்கள் பல, பூச்சில்லாத உலோகமாகவே தொழிற்சாலையை விட்டு வந்தன. போர்முனையில் அவற்றின்மேல் பச்சையைப் பிரைமர் இல்லாமல் நேரடியாகத் தெளித்தார்கள். வழவழப்பான அலுமினியத்தின்மேல் அடிப்பூச்சு இல்லாத வண்ணம் எத்தனை நாள் நிற்கும்? பாளம் பாளமாக உதிர்ந்தது. நியூ பிரிட்டன் தீவின் கேப் குளோஸ்டரில் அமெரிக்கர் கைப்பற்றிய கி-61இன் படங்கள் இதற்குப் புகழ்பெற்ற சாட்சி.

கடற்படை ஜீரோவின் கதை அப்படியல்ல. 1943இல் சாலமன் தீவுப் போரின்போது களத்தில் கரும்பச்சை பூசப்பட்ட ஜீரோக்களில், அந்தப் பச்சைக்கு அடியில் தொழிற்சாலைச் சாம்பல் பூச்சு அப்படியே இருந்தது. பச்சை உரிந்தால் முதலில் தெரிய வேண்டியது சாம்பல். அதற்கும் அடியில் ஆழமாகச் சுரண்டிய இடத்தில் மட்டும் உலோகம். பச்சைக்குக் கீழே எடுத்த எடுப்பில் வெள்ளியைக் காட்டும் ஜீரோ மாடல், தரைப்படையின் பழக்கத்தைக் கடற்படைமேல் ஏற்றிவிடுகிறது.

இந்த அடுக்கு வரிசையைக் கையாள்வதற்கு மாடலர்கள் கண்டுபிடித்த உத்தி விந்தையானது: தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே. முதலில் மாடல் முழுக்க வெள்ளி நிறத்தைப் பூசி, அது உறுதியாகக் காய்ந்ததும் ஹேர்ஸ்பிரேயை மெல்லிய படலமாகத் தெளிக்க வேண்டும். அதன்மேல் மெலிதாக அக்ரிலிக் வண்ணம். காய்ந்தபின் தண்ணீர் தொட்ட தூரிகையால் குறிப்பிட்ட இடத்தை ஈரப்படுத்தினால், நீர் மேல்வண்ணத்தின் நுண்துளைகள் வழியாக இறங்கி ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கும். மொட்டைத் தூரிகையாலோ பல்குத்தும் குச்சியாலோ மெல்ல உரசினால் மேலடுக்கு ஒழுங்கற்ற துணுக்குகளாகக் கழன்றுவிடும். வெள்ளி வண்ணம் தொட்டு மேலே புள்ளிவைக்கும் பழைய முறையில் உரிந்த இடம், சுற்றியுள்ள வண்ணத்தைவிட ஓர் அடுக்கு உயரமாக நிற்கும். ஹேர்ஸ்பிரே முறையில் அது நிஜம்போலவே பள்ளமாக இருக்கும். அப்படிக் களத்தில் பச்சை பூசிய ஜீரோவைச் செய்பவர் வெள்ளிக்கு மேல் சாம்பல் பூசி, அதற்கு வார்னிஷ் காப்புப் போட்டு, பிறகு ஹேர்ஸ்பிரேயும் பச்சையும் அடித்தால், பச்சை மட்டும் கழன்று சாம்பல் தெரியும். தொழிற்சாலையில் நடந்த வரிசையும் களத்தில் நடந்த வரிசையும் அப்படியே மேசைமேல் மறுபடி நடக்கின்றன. வரிசை தெரியாதவருக்கு இந்த உத்தியால் பயனில்லை.

உப்புத்தூளை ஈரத்தில் ஒட்டவைத்து மேலே வண்ணமடித்துப் பிறகு தட்டி உதிர்ப்பது, பஞ்சுத் துண்டால் ஒற்றுவது, வெள்ளிப் பென்சிலால் தீற்றுவது எனச் சில்லறை முறைகள் வேறு பல உண்டு. திருகாணி மூடிகளைச் சுற்றியும் அடிக்கடி திறக்கும் தகடுகளின் விளிம்பிலும் பென்சில் தரும் மெல்லிய கீற்றை எந்த ஸ்பிரேயாலும் தர முடியாது.

விமான மாடல் தொடக்கத்தில் வண்ணத்தைப் பற்றியே கவலைப்படவில்லை என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1/72 என்ற விகிதம் வேரூன்றியதற்கு ஒரு வசதி காரணம்: ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமம், ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். 1930களில் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் மர கிட்களும் பின்னர் ஃபிராக் நிறுவனத்தின் பெங்குவின் பிளாஸ்டிக் கிட்களும் இந்த அளவில் வந்தன. 1942இல் அமெரிக்கக் கடற்படை நாட்டின் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்துதரக் கேட்டது. துப்பாக்கி வீரர்களும் விமானிகளும் நண்பன் யார், பகைவன் யார் என்று அடையாளம் காணப் பழகுவதற்கான மாதிரிகள் அவை. அத்தனையும் ஒரே மங்கிய கறுப்பு. 35 அடி தள்ளி நின்று 1/72 மாதிரியைப் பார்ப்பது அரை மைல் தொலைவில் நிஜ விமானத்தைப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் உருவரை மட்டுமே பேசும். வண்ணத் துல்லியம் பற்றிய வாதம் அமைதிக்காலத்து ஆடம்பரம். 1950களில் ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர்கள் உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றன. அவற்றை வாங்கிய சிறுவர்கள் வளர்ந்து, வருமானம் வந்து, காப்பகங்களில் நுழையத் தொடங்கிய பிறகே அந்த வாதம் சூடுபிடித்தது.

காப்பகத்தில் கிடைப்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம். அதை நம்பிக் கெட்டவர்கள் பலர். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் வகை ஃபிலிம் சிவப்பொளியை உணராது. நீலத்தை அதிகமாக உணரும். அதில் எடுத்த படத்தில் சிவப்பு கறுப்பாகும், மஞ்சள் கருத்துத் தெரியும், நீலம் வெளிறிவிடும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் வெளிவளையம் மஞ்சளாக இருந்தும், படத்தில் அது கருத்த வளையமாகத் தெரிவது இதனாலேயே. பான்குரோமாட்டிக் ஃபிலிமில் அதே வளையம் வெளிறித் தெரியும். இன்ன ஃபிலிம் என்று தெரியாமல் சாம்பல் நிழல்களை ஒப்பிட்டு வண்ணம் சொல்வது குறிசொல்வதற்குச் சமம். ஆனாலும் கறுப்பு வெள்ளைப் படம் வெதரிங்குக்கு மிகச் சிறந்த ஆதாரம்தான். நிறம் சொல்லாவிட்டாலும், எங்கே தேய்ந்தது, எண்ணெய் எந்தத் திசையில் வழிந்தது, எந்தப் பகுதி மினுங்கியது என்பதை அது கூசாமல் சொல்லும்.

சின்னங்கள் நிறத்தோடு நாளையும் சொல்லும். அமெரிக்கர் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பு வட்டத்தை 1942 மே மாதம் நீக்கினார்கள். ஜப்பானியச் சூரியவட்டத்தோடு குழம்பி நண்பனையே சுடும் ஆபத்து இருந்தது. தென்கிழக்காசியாவில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களும் பின்னர் சிவப்பைக் கைவிட்டு நீல வண்ணங்களோடு நின்றன. திருகோணமலை ஹரிக்கேன் இந்த மாற்றத்துக்கு முந்தையது. அதில் சிவப்பு இருந்தாக வேண்டும்.

இனி சற்றுக் கணக்கு. முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்க்கும் 1/72 மாடல், நிஜ விமானத்திலிருந்து ஏறத்தாழ 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு நிகர். அந்தத் தூரத்தில் தகடுகள் சேரும் கோடு கண்ணுக்குத் தட்டுப்படுமா? சில இடங்களில் மட்டும். கிட்டில் அந்தக் கோடு 0.2 மி.மீ. அகலத்தில் வெட்டப்பட்டிருந்தால், நிஜ அளவில் அது 14 மி.மீ. பிளவு. அப்படிப்பட்ட விமானத்தில் ஏற எந்த விமானியும் சம்மதித்திருக்க மாட்டார். 1/48 மாடலில் அரை மி.மீ. அளவுக்குப் பூச்சு உரிந்ததாகக் காட்டினால், நிஜத்தில் 24 மி.மீ. அகலம் வெறும் உலோகம்.

உண்மையில் சண்டை விமானத்தை வடிவமைத்தவர்கள் வழவழப்புக்காகத் தவம் கிடந்தவர்கள். ஸ்பிட்ஃபயரின் முன்மாதிரியான கே5054இன் ஆணித்தலைகள் தகட்டோடு சமமாகப் பதிந்தவை. அப்படிப் பதிப்பது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. குமிழ்த்தலை ஆணி வைத்தால் எவ்வளவு வேகம் போகும் என்று அறிய, ஒவ்வொரு ஆணித்தலைமேலும் உடைத்த பட்டாணிப் பருப்பு ஒன்றைப் பசைபோட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். மணிக்குச் சுமார் 22 மைல் குறைந்தது. பிறகு பருப்பை வரிசை வரிசையாகச் சுரண்டியெடுத்து, எந்த இடத்தில் குமிழ்த்தலை வைத்தால் நட்டமில்லை என்று கண்டுகொண்டார்கள். விமானவியல் ஆய்வுகளில் சமையலறைக்கு இத்தனை மரியாதை கிடைத்தது அரிது.

அமெரிக்க மஸ்டாங் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் இறக்கை, காற்று குலையாமல் தழுவிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்காகவே தொழிற்சாலையில் இறக்கையின் முன்பகுதியில் ஆணித்தலைகளையும் தகட்டுக் கோடுகளையும் புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, அலுமினிய வண்ணம் பூசினார்கள். உடற்பகுதி பூச்சில்லாத உலோகமாக மின்ன, இறக்கை மட்டும் பூசிய வெள்ளியாக மங்கலாக இருந்தது. கிட் நிறுவனங்கள் பலவும் அந்த இறக்கையிலேயே கோடுகளையும் ஆணிகளையும் ஒன்றுவிடாமல் செதுக்கித் தருகின்றன. விவரம் தெரிந்த மாடலர் காசு கொடுத்து வாங்கிய அந்த நுணுக்கத்தைப் புட்டி வைத்து அடைப்பார். தெரியாதவர் அதற்குள் கறுப்பு வாஷ் இறக்கி இன்னும் எடுப்பாக்குவார்.

வாஷ் என்பது எண்ணெய் வண்ணத்தையோ எனாமலையோ நீர்க்கக் கரைத்துக் கோடுகளில் ஓடவிடுவது. அதற்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் பூச வேண்டும். மங்கிய பரப்பில் விட்டால் கோட்டில் ஓடாமல் சுற்றிலும் பரவிக் கறைபடுத்தும். வாஷுக்குத் துணையாக பிரீஷேடிங் வந்தது: மேல்வண்ணத்துக்கு முன்பே தகட்டுக் கோடுகளின் மேல் கறுப்பை ஏர்பிரஷ்ஷால் தீட்டி, மேல்வண்ணத்தை நடுவில் அழுத்தமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் அடிப்பது. ஒவ்வொரு தகடும் நடுவில் வெளுத்து, ஓரத்தில் கருத்துத் தெரியும். வெதரிங் மரபு பெரிதும் டாங்கி மாடல்களிலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன், அமெரிக்காவின் ஷெப் பெயின், பின்னர் ஸ்பெயினின் மிக் ஜிமெனஸ் போன்றவர்கள் ஒளிநிழலை ஓவியர்போல ஆண்டு அந்த மரபை வளர்த்தார்கள். சேற்றில் உருளும் எஃகு வண்டிக்குப் பிறந்த இலக்கணத்தை, மெழுகிட்டுத் துடைக்கப்பட்ட அலுமினிய விமானத்துக்கு மாற்றியபோது இழுபறி ஏற்பட்டது.

பிரீஷேடிங் செய்த இறக்கையை வைத்துக்கொண்டு எந்த நிஜ விமானத்தின் படத்திலும் ஒத்துப்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நிஜத்தில் வெளிறல் தகட்டுக்குத் தகடு கணக்கு வைத்து வருவதில்லை. வெயில் படும் மேற்புறம், எண்ணெய் தேங்கும் அடிப்புறம், புதுப்பூச்சு அடித்த ஒட்டு என்று அது தாறுமாறாகவே வரும். ஆனாலும் பிரீஷேடிங்கை முற்றிலும் தள்ளிவிடுவது சரியாகாது. ஒரு சாண் அகலப் பொருள் அறை விளக்கில் தட்டையாகத் தெரிகிறது. அதற்குப் பருமன் கொடுக்க ஒளிநிழல் தேவை. கோயில் சுதையில் கண்ணுக்கு மை எழுதுவதும் தொலைவிலிருந்து பார்ப்பவனை எண்ணித்தானே? சிக்கல், இந்த ஓவிய மரபை யதார்த்தம் என்ற பெயரில் விற்கும்போதுதான் எழுகிறது.

நிஜத்தின் அலங்கோலத்தைக் காட்டவும் மாடலர்களுக்குத் தயக்கம். 1944 ஜூனில் நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில் நேச நாட்டு விமானங்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பெற்றன. தரைப்பணியாளர்கள் கையில் கிடைத்த தூரிகையால் அவசரமாக இழுத்தார்கள். பல விமானங்களில் விளிம்பு நெளிந்தது, வண்ணம் வழிந்தது. மாடலரோ மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தியால் வெட்டினாற்போல் பட்டை போடுகிறார். விமானத்தின் மற்றப் பகுதியெல்லாம் அழுக்கு. பட்டை மட்டும் அச்சடித்ததுபோல்!

ஸ்பிட்ஃபயரின் இறக்கைத் துப்பாக்கி வாய்களை மூடிய சிவப்புத் துணி ஒட்டுகளும் இப்படி ஒரு தர்க்கப் பொறி. தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து உயரத்தில் உறைந்து துப்பாக்கி அடைபடாமல் இருக்க அவற்றை ஒட்டுவார்கள். முதல் குண்டு துணியைக் கிழித்துக்கொண்டு போகும். துணி முழுதாக இருந்தால் அந்த விமானம் அந்தப் பறப்பில் சுடவில்லை. முழுத் துணிக்குப் பின்னால் கறுப்புப் புகை தீட்டலாமா? முந்தைய சண்டையின் கறையைத் துடைக்க நேரமில்லாமல் புதுத் துணி ஒட்டியிருந்தால் தீட்டலாம். அப்போது கறை துணிக்கு அடியில் போக வேண்டும். துணியின்மேல் படியக் கூடாது. கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத இடத்தில் இத்தனை வழக்காடலாம்.

என்ஜின் புகையும் வெறும் கறுப்பு அல்ல. அக்காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. ஈயம் என்ஜினுக்குள் படியாமல் வெளியேற்ற புரோமின் சேர்மமும் சேர்த்தார்கள். எரிபொருள் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் எரியும் நீண்ட பயணத்தில் புகைக்குழாய்க்குப் பின்னால் படிவது சாம்பலோ மணல்நிறமோ ஆன ஈய உப்பு. எரிபொருள் மிகுந்து எரியும் புறப்பாட்டின்போதே கருங்கரி. தொலைதூரக் காவல் பறந்த மஸ்டாங்குக்கு வெளிறிய கறை பொருந்தும். தளத்துக்கு மேலேயே ஏறி இறங்கிய விமானத்துக்குக் கருமை கூடலாம்.

சர்வதேசப் பிளாஸ்டிக் மாடலர் கழகம் 1963இல் பிரிட்டனில் தொடங்கியது. அதன் கிளைகள் இன்று பல நாடுகளில் போட்டிகள் நடத்துகின்றன. அமெரிக்கக் கிளையின் நடுவர்கள் முதலில் பார்ப்பது ஒட்டுக்கோடு தெரிகிறதா, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, டீகால் எனும் ஒட்டுச்சின்னத்துக்கு அடியில் காற்று புகுந்து வெள்ளி பூத்திருக்கிறதா என்பதைத்தான். வரலாற்றுத் துல்லியம் அங்கே பின்வரிசை. இது அறியாமையல்ல. ஜீரோவின் நிறத்தைத் தீர்ப்பளிக்க உட்கார்ந்தால் எந்தப் போட்டியும் மாலைக்குள் முடியாது. ஆனால் இதன் விளைவாக, கண்ணைக் கவரும் வெதரிங் பரிசு வாங்கும். பரிசு வாங்கியதை அடுத்தவர் பார்த்துச் செய்வார். இரண்டு தலைமுறையில் மாடல்கள் மாடல்களையே ஒத்திருக்கத் தொடங்கும்.

நிஜ விமானத்துக்குத் திரும்பிப் போவதிலும் ஆபத்து உண்டு என்பதை எகிப்தியப் பாலைவனம் காட்டியது. 1942 ஜூன் இறுதியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 260ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த டெனிஸ் காப்பிங் என்ற இளம் விமானி ஓட்டிச் சென்ற ஈடி574 எண் கிட்டிஹாக் சண்டை விமானம், மேற்குப் பாலையில் வழிதவறி இறங்கியது. எண்ணெய் நிறுவனப் பணியாளர் ஒருவர் 2012இல் அதைக் கண்டபோது, எழுபதாண்டு மணற்காற்று மேற்பரப்பின் பூச்சைப் பெரும்பாலும் உரசித் தின்று உலோகத்தைக் காட்டியிருந்தது. காற்றும் வெயிலும் எட்டாத பகுதிகளில் வண்ணம் நின்றது. புகைப்படங்கள் வெளியானதும் மாடலர்கள் அந்த வெளுத்த உலோகத்தைப் பார்த்து மயங்கினார்கள். ஆனால் அது 1942இன் கிட்டிஹாக் அல்ல. அந்தத் தேய்மானத்தில் போருக்கு உரியது சில மாதப் பங்கு. மிச்சமெல்லாம் கைவிடப்பட்ட பிறகு மணல் செய்த வேலை. சிதைவைப் பார்த்துச் செய்தால் சிதைவையே செய்ய வேண்டும். பலர் செய்தார்கள், மணல்மேட்டோடு சேர்த்து, அழகாகவே.

அந்த விமானம் பின்னர் எல் அலமெய்ன் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே அதற்குப் புதுப்பூச்சு அடித்தார்கள். அக்கால வண்ணங்களோடு பொருந்தாத அந்தப் பூச்சைக் கண்டு ஆர்வலர்கள் கொதித்தார்கள். வெயிலாலும் மணலாலும் அழியாமல் தப்பிய அசல் பூச்சு, நல்லெண்ணத்தோடு எடுத்த ஒரு தூரிகைக்குத் தப்பவில்லை. அதன் அசல் வண்ணம் எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் இன்று நாடுவது, 2012இல் பாலைவனத்தில் எடுத்த அந்தப் புகைப்படங்களையே.